மாமனார் ஊற்றிய அளவு

கோகந்தில், அல்வாக் கடைத் தெருவுக்குப் பின்னால், கொச்கார்பாய் வீட்டுத் தேநீர்க் கெண்டி எப்போதும் கொச்கார்பாயின் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். மனைவி தொடக் கூடாது, மகள் தொடக் கூடாது. யாருக்கு எவ்வளவு ஊற்றுவது என்பது ராஜாங்க விஷயம். அதைப் பெண்கள் கையில் விடலாமா?

விருந்தாளி வந்தால் கிண்ணத்தின் அடியில் ஒரு வாய் ஊற்றுவார். இடது கையை நெஞ்சில் வைத்து வலது கையால் நீட்டுவார். குடித்து முடித்தால் இன்னொரு வாய். உமக்கு ஊற்றிக்கொண்டே இருப்பதில் எனக்குச் சலிப்பில்லை, உட்காரும் என்று பொருள். கிண்ணம் நிறைய ஊற்றிவிட்டால், குடித்துவிட்டு எழுந்து போ என்று பொருள். எங்கள் ஊரில் பால் மறக்காத குழந்தைக்கும் இது தெரியும்.

மருமகன் அப்ரோருக்கு, கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த முதல் மாலையிலிருந்தே, விளிம்பு வரை. சில நாள் விளிம்புக்கு மேலும் வழிந்து விரலைச் சுடும்.

அப்ரோர் வாங்கிக் குடிப்பான். எழுந்து போகமாட்டான். போவதற்கு இடம் கிடையாது.

ரிஷ்தானில் அவனுக்கு ஒரு தகப்பன் வீடு இருந்தது. ஆனால் இங்கே தகப்பன் வீடு கடைக்குட்டிப் பிள்ளைக்குத்தான். அப்ரோர் மூத்தவன். மூத்தவனுக்குக் கிடைப்பது ஆசீர்வாதம். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ருஷ்யாவுக்குப் போனான். யெகாதெரின்பர்க்கில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினான். பெட்டிகளுக்கு நடுவே பழைய மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டு நிரல் எழுதக் கற்றான். முதுகு பிடித்துக்கொண்ட ஒரு குளிர்காலத்தில் ஊர் திரும்பினான். கொச்கார்பாய்க்கு மகன் இல்லை, மகள்கள்தான். மூத்த பெண்கள் புருஷன் வீடு போய்விட்டார்கள். கடைசிப் பெண் ஜுலைஹோவுக்கு, கடையில் அல்வா கிண்டத் தோள் உள்ள ஒருவனைத் தேடினார். பெட்டி தூக்கிய தோள் என்று தரகர் சொன்னதை நம்பி அப்ரோரைப் பிடித்தார். முதுகு விஷயத்தைத் தரகர் சொல்லவில்லை. கல்யாணமான வாரமே ஒரு அண்டா அல்வாவை அடிபிடிக்க விட்டான் மாப்பிள்ளை. அன்று மூண்ட பகை.

வீட்டோடு மாப்பிள்ளைக்கும் வாசல் நாய்க்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். நாய் குரைத்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அப்ரோர் அதனால் குரைப்பதை விட்டுவிட்டு மூலை அறையில் கணினி முன் உட்கார்ந்தான். உட்கார்ந்து எதை எழுதினான் என்று கேளுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் தின்பதைக் கணக்கு வைத்து எச்சரிக்கும் கைபேசிச் செயலி. மூன்று தலைமுறையாக அல்வா விற்ற குடும்பத்தின் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, அந்தக் குடும்பத்தின் மின்சாரத்தை எரித்து.

எங்கள் பேட்டையான மஹல்லாவின் தலைவர் மிர்ஸோஹித் இந்தச் செய்தியைக் கடைத்தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி கையாண்டார்.

"கொச்கார்பாய் அண்ணே, உங்க மருமவன் அல்வாவுக்குச் சிவப்பு விளக்கு போட்டிருக்கானாமே போன்ல. அடுத்து கடைக்கும் போடுவானோ?"

"போடட்டும். அவன் போட்ட விளக்கை அவன் வாயிலயே திணிக்கிறேன்."

"வாயில திணிக்கணும்னா அல்வாவைத் திணிங்க. அதுல வர்ற சுகருக்கு அவன்கிட்டயே ஆப் இருக்கே."

கடைத்தெரு சிரித்தது. கொச்கார்பாய் எடைக்கல்லைத் தட்டில் ஓங்கி வைத்தார்.

தாஷ்கந்தில் ஒரு நிறுவனம் அப்ரோருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. குளிர்காலம் முழுக்க அவன் மஹல்லாக்காரர்கள் செயலியைப் பயன்படுத்திப் பார்க்கட்டும். வசந்தத்தில் நவ்ரோஸ் பண்டிகை வரும்போது ஊர் திருப்தியாக இருந்தால், வீட்டிலிருந்தபடியே நிரந்தர வேலை. இல்லையென்றால் இல்லை. யெகாதெரின்பர்க் கிடங்கில் அவனுடைய பழைய கூட்டாளி அவனுக்காக ஓர் இடம் பிடித்து வைத்திருந்தான். மகளுக்கு மூன்று வயது. ரயிலேறினால் அவளைப் போனில்தான் வளர்க்க வேண்டும்.

"நவ்ரோஸ் வரைக்கும்தான் மாப்ளே," என்றார் கொச்கார்பாய், கிண்ணத்தை நிறைத்துக்கொண்டே. "அப்புறம் ரயில். டிக்கெட் நானே எடுத்துத் தர்றேன். அந்தப் பெருந்தன்மை எனக்கு உண்டு."

"சரிங்க மாமா."

"ஜன்னலோர சீட்டு."

செயலியில் அப்ரோர் சோம்பல் காட்டவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுச் செயலிகள் 'எத்தனை தட்டு சாப்பிட்டீர்கள்' என்று கேட்கும். ஒரே தாம்பாளத்தில் ஐந்தாறு பேர் கை வைக்கிற ஊரில் தட்டை எங்கே தேடுவது? அவன் தட்டைத் தூக்கி எறிந்தான். புலாவுக்குக் கைப்பிடிக் கணக்கு. ரொட்டிக்கு உள்ளங்கைக் கணக்கு. அல்வாவுக்கு விரல். ஒவ்வொன்றையும் ஜுலைஹோவின் சமையலறைத் தராசில் நிறுத்தான். கடைசியாகத் தேநீர். எங்கள் மஹல்லாவில் குளிர்காலத்தில் கற்கண்டைக் கெண்டிக்குள்ளேயே போட்டுவிடுவோம். ஆக, குடிக்கிற ஒவ்வொரு கிண்ணமும் சர்க்கரை. கிண்ணத்தில் குழப்பமில்லை. நீலத்தில் வெள்ளைப் பருத்திப்பூ போட்ட அதே கிண்ணம்தான் எல்லா வீட்டிலும், கல்யாணத்திலும் சாவிலும். அதில் எவ்வளவு தேநீர் இருக்கும் என்று அளந்தால் போதும்.

மாலையில் மாமனார் ஊற்றிக் கொடுத்த கிண்ணத்தை ஒரு வாய்கூடக் குடிக்காமல் சமையலறைக்கு எடுத்துப்போய் அளவுக் குவளையில் கவிழ்த்தான். ஒரு வாரம் இப்படியே செய்தான். தினமும் ஒரே அளவு, ஒரு சொட்டு முன்பின் இல்லை. கொச்கார்பாயின் கை அப்படிப்பட்டது, அல்வா நிறுத்துப் பழகிய கை. அறிவியலுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு கிண்ணம் என்றால் இருநூறு மில்லி என்று எழுதி முடித்தான்.

ஜுலைஹோ வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அப்பாவைச் சொல்வதாக ஆகும். பாத்திரம் துலக்கப் போய்விட்டாள்.

குளிர்காலம் வந்தது, கூடவே புகார்களும் வந்தன. விசித்திரம் என்னவென்றால், புகார் சொன்னவர்கள் எல்லோரும் பெரிய மனிதர்கள். மிர்ஸோஹித் தலைவர் என்ற முறையில் நாளெல்லாம் வீடு வீடாகப் போவார். போன இடமெல்லாம் தேநீர். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் போனை ஒரு தட்டு தட்டுவார். மத்தியானத் தொழுகைக்குள் போன் அலறும்: 'இன்றைய சர்க்கரை அளவைத் தாண்டிவிட்டீர்கள். தயவுசெய்து நிறுத்திக்கொள்ளவும்.'

"என்னை நிறுத்தச் சொல்றதுக்கு இது யாரு?" என்றார் மிர்ஸோஹித். "எங்கப்பா சொன்னதில்ல. என் பொண்டாட்டி சொன்னதில்ல."

"பொண்டாட்டி சொன்னாங்க, நீங்க கேக்கல," என்றார்கள் பக்கத்தில்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரையும் அது இப்படித்தான் திட்டியது. ஆனால் மின் மீட்டர் பார்க்க வரும் தோஷ்மத்துக்கு மட்டும் செயலி தங்கமாக வேலை செய்தது. விரலைக் குத்திப் பார்த்தால் வருகிற எண்ணும் செயலி சொல்வதும் ஒட்டி ஒட்டி வரும். இதிலிருந்து ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. வீட்டோடு மாப்பிள்ளை, மரியாதைப்பட்டவர்களைப் பழிவாங்கவென்றே ஓர் இயந்திரம் செய்திருக்கிறான். தாஷ்கந்துக்குப் புகார் எழுதுவதா, நவ்ரோஸ் வரை பொறுத்திருந்து மொத்தமாக எழுதுவதா என்பதில்தான் கருத்து வேறுபாடு.

இதற்கிடையில் கொச்கார்பாயின் கால் விரலில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. எங்கள் தெரு மருத்துவ நிலையத்து டாக்டர் மஸ்தூரா, அன்பாகப் பேசினால் நோயாளிக்குச் சுகர் ஏறும் என்று நம்புகிறவர்.

"அல்வா தின்னீங்களா?"

"ருசி பாக்கணும்லம்மா. வியாபாரம்."

"காலை எடுத்தப்புறம் ஒத்தக்கால்ல நின்னு ருசி பாருங்க. கூட்டம் சேரும், வியாபாரம் நல்லா நடக்கும்."

இன்சுலின் எழுதிக் கொடுத்தார். தின்பதற்குத் தக்கபடி ஊசியின் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்றார். கொச்கார்பாய் எனக்கு அந்தக் கணக்கெல்லாம் வராது என்றார். அல்வாவில் காலே அரைக்கால் கிராம் விடாத மனிதர்.

"அப்போ உங்க மருமகன் ஆப்பைப் போட்டுக்குங்க. ரொட்டி, அல்வா எல்லாம் நான் பார்த்தேன், சரியாத்தான் எழுதியிருக்கான். உங்களுக்கு இருக்கிற குணத்துக்கு அவன் அல்வாக்கு எதிரே எலி மருந்துன்னு எழுதியிருக்கணும்."

வேண்டா வெறுப்பாகப் போட்டுக்கொண்டார். பிறகுதான் அதில் ஒரு சுகம் கண்டார். செயலி அவரைத் தின்னாதே என்று தடுக்கவில்லை. தின்றதைத் தட்டினால் இத்தனை யூனிட் என்று சொன்னது. ஊசியைக் குத்திக்கொண்டு இன்னொரு விரல் அல்வா எடுக்கலாம். எதிரியின் கத்தியை வாங்கி வெங்காயம் நறுக்குகிற திருப்தி. வீட்டில் அவர் குடிப்பது இரண்டு மூன்று கிண்ணம்தான் என்பதால் எதுவும் நடக்கவில்லை. சில நாள் லேசாக வியர்க்கும். மருமகனின் முகத்தைப் பார்த்ததால் வந்தது என்று நினைத்துக்கொள்வார்.

நவ்ரோஸுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மிர்ஸோஹித் வீட்டில் மஹல்லா ஆண்களின் கூட்டம். புலாவ் முற்றத்து அடுப்பில். மஞ்சள் காரட் போடுவதா சிவப்புக் காரட் போடுவதா என்று சமையற்காரனுக்கும் தலைமை ஆசிரியருக்கும் சண்டை வந்து அரிசி போடவே தாமதமானது. உள்ளே கற்கண்டுத் தேநீர் சுற்றிக்கொண்டிருந்தது. வயதில் மூத்தவர் என்று கொச்கார்பாயை விரிப்பின் தலைப்பக்கம் உட்கார்த்தி மிர்ஸோஹித் தன் கையாலேயே ஊற்றினார். ஒரு வாய், இன்னொரு வாய், மேலும் ஒரு வாய். ஒவ்வொன்றுக்கும் கொச்கார்பாய் போனைத் தட்டினார். வரப்போகும் புலாவுக்கும் சேர்த்துக் கைப்பிடிகளைத் தட்டினார். போன் ஒரு பெரிய எண்ணைக் காட்டியது.

"பாருங்க, மெஷின் உத்தரவு," என்று சொல்லி, சட்டையைத் தூக்கி வயிற்றில் குத்திக்கொண்டார். "இனிமே இன்னொரு மனுசன் மாதிரி தின்பேன்."

இன்னொரு மனிதர்தான் ஆனார். புலாவ் வரவில்லை, வியர்வை வந்தது. மிர்ஸோஹித்தைப் பார்த்துச் செத்துப்போன தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து விரிப்பின் மேல் விழுந்தார். எங்கள் ஆட்கள் முதலில் அவருக்கு அடியிலிருந்து ரொட்டியை எடுத்தார்கள். பிறகு மனிதரை எடுத்தார்கள்.

அப்ரோர் முற்றத்தில் விறகு தள்ளிக்கொண்டிருந்தான். மருமகன்களுக்கு அதுதான் இருக்கை. அவன் ஓடி வரும்போதே தீர்ப்பு வழங்கப்பட்டிருந்தது.

"கொன்னுட்டான். போனாலயே மாமனாரைக் கொன்னுட்டான்."

"கத்தியால குத்தியிருந்தா ஆம்பளை."

"வீட்டை அமுக்கத்தான் வீட்டோட வந்தான்."

யாரோ அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்தார்கள். அவன் உதறிக்கொண்டு, கெண்டிக்குள் கைவிட்டுக் கரையாமல் கிடந்த கற்கண்டை எடுத்து மாமனாரின் கன்னத்துக்குள் திணித்தான். அதற்குள் இரண்டு வீடு தள்ளியிருந்த டாக்டர் மஸ்தூரா வந்துவிட்டார். விரலைக் குத்திப் பார்த்தார், சர்க்கரை அடிமட்டத்தில் கிடந்தது. குளுக்கோஸ் ஏற்றினார். கொச்கார்பாய் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது அப்ரோரை. உடனே மறுபடி மூடிக்கொண்டார். பிழைத்துவிட்டார் என்று அதிலிருந்து தெரிந்தது.

டாக்டர் போனை எடுத்தார். "எத்தனை கிண்ணம் குடிச்சார்னு இருக்கு இதுல... இவ்வளவா? ஒட்டகம் குடிக்குமா இதை?"

"நான்தான் ஊத்தினேன்," என்றார் மிர்ஸோஹித். "எல்லாம் ஒவ்வொரு வாய்தான். எங்க வீட்ல மரியாதை தெரியும்."

டாக்டர் அப்ரோர் பக்கம் திரும்பினார். "ஒரு கிண்ணம்னா எவ்வளவுன்னு எழுதியிருக்கே?"

"இருநூறு மில்லி."

"விளிம்பு வரைக்கும் வருமே அது. ஒரு வாய்க்கு ஒரு நிறைகிண்ணத்து ஊசியா போட்டிருக்கார்?"

"அளந்துதான் எழுதினேன் டாக்டர். ஒரு வாரம் அளந்தேன். ரொட்டியைப் பாத்த நீங்க இதையும் பாத்திருக்கலாம்."

"பாத்திருக்கணும். எங்கே அளந்தே?"

"வீட்ல."

"யாரோட கிண்ணத்தை?"

அப்ரோர் வாய் திறந்தான். அப்போதுதான், பதில் நாக்கு நுனிக்கு வந்த பிறகுதான், அவனுக்கே விளங்கியது. அத்தனை வருஷம் வாங்கிக் குடித்ததில் கிண்ணம் என்றால் நிறைகிண்ணம் என்று அவன் கைக்குப் பழகிப்போயிருந்தது. பழகிப்போன அவமானம் ஓர் அளவுகோல் மாதிரிதான் இருக்கும்.

"என் கிண்ணத்தை," என்றான்.

அங்கிருந்த ஆண்கள் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கோடரி விழுந்ததைப் பார்த்த கோழிகள் மாதிரி கழுத்தை நீட்டிக் கொச்கார்பாயைப் பார்த்தார்கள்.

மிர்ஸோஹித் தேன் தடவிய குரலில் கேட்டார். "உனக்கு வீட்ல யாருப்பா ஊத்துறது?"

அப்ரோர் மாமனாரைப் பார்க்கவில்லை. "எங்க வீட்டுக் கிண்ணம் கொஞ்சம் பெரிசுண்ணே."

"அப்படியா." மிர்ஸோஹித் கையிலிருந்த கிண்ணத்தைத் திருப்பிப் பருத்திப்பூவைக் காட்டினார். "நாடு பூரா ஒரே அச்சு. உங்க வீட்டுக்கு மட்டும் தனியா சுட்டுக் குடுத்தாங்களோ? கொச்கார்பாய் அண்ணே, நீங்க சொல்லுங்க, எப்படி இது?"

கொச்கார்பாயின் கன்னத்தில் இன்னும் கற்கண்டு இருந்தது. அவர் அதைக் கடிக்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

வாசற்பக்கம், கடைசி ஆளாக உட்கார்ந்திருந்த மீட்டர்க்காரன் தோஷ்மத் யாரிடமும் என்றில்லாமல் சொன்னான். "எனக்கு மட்டும் அந்த ஆப் சரியாவே இருந்திச்சு. ஏன்னு இப்பத்தான் புரியுது."

அவனுக்கு நிறைத்து ஊற்றாத ஒருவரும் அந்த அறையில் இல்லை.

அப்ரோர் அன்றைக்கே நடந்ததை ஒளிக்காமல் தாஷ்கந்துக்கு எழுதினான். அவர்கள் சந்தோஷப்படவில்லை. நவ்ரோஸுக்குள் சரிசெய், இல்லையென்றால் மறந்துவிடு என்றார்கள். அவன் செயலியில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தான். 'உங்களுக்கு ஊற்றுபவர் எவ்வளவு ஊற்றுகிறார்?' கீழே நாலு கிண்ணங்களின் படம், ஒரு வாயிலிருந்து விளிம்பு வரை. விரலால் ஒன்றைத் தொட வேண்டும்.

சர்க்கரைக் கணக்கு அன்றோடு சரியாகிவிட்டது. மற்ற கணக்கெல்லாம் அன்றோடு கெட்டது. தலைமை ஆசிரியர் தன் மகன் வீட்டில் எந்தப் படத்தைத் தொடுவது என்று யோசித்து, தொட்டு, அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. மிர்ஸோஹித்தின் மனைவி அவருடைய போனை எடுத்துப் பார்த்து, "என் தம்பி வீட்ல உங்களுக்கு அரைக் கிண்ணமா ஊத்துறாங்க?" என்று கேட்டு ஒரு பழைய வழக்கைத் திறந்தாள். மருமகள்கள் மாமியார்களை மில்லியில் பேச ஆரம்பித்தார்கள். ஆனால் இவை எதுவும் நீரிழிவுப் புகார் அல்ல. தாஷ்கந்தைப் பொறுத்தவரை மஹல்லா திருப்தியாக இருந்தது. அப்ரோருக்கு வேலை உறுதியாயிற்று.

கொச்கார்பாய் ரயில் டிக்கெட் விஷயத்தை மறுபடி எடுக்கவில்லை. எடுக்க முடியாது. இப்போது மாப்பிள்ளை ரயிலேறினால், மாமனார் கிண்ணத்தாலேயே துரத்திவிட்டார் என்று கடைத்தெரு சொல்லும். ஏற்கெனவே அல்வா வாங்க வருகிறவர்கள், "நிறைய வைங்க பாய், உங்க கைதான் தாராளமாச்சே," என்று சொல்லிவிட்டுத்தான் பொட்டலத்தை வாங்குகிறார்கள்.

அதோடு போகவில்லை. மாலையானால் யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார். ஒரு நாள் மிர்ஸோஹித், ஒரு நாள் தலைமை ஆசிரியர். நலம் விசாரிக்க என்று பெயர். அவர்களுடைய கண் கெண்டியின் மூக்கிலேயே இருக்கும்.

நவ்ரோஸ் கழிந்த முதல் மாலையும் மிர்ஸோஹித் உட்கார்ந்திருந்தார். கொச்கார்பாய் கெண்டியைத் தூக்கினார். மருமகனின் கிண்ணத்தில் ஊற்றினார். ஒரு வாய். கை நின்றது. ஒரு வாய்த் தேநீரை அவ்வளவு வெறுப்போடு ஊற்ற முடியும் என்று ஊரில் அதுவரை யாருக்கும் தெரியாது. இடது கை நெஞ்சுக்குப் போக மறுத்தது. மிர்ஸோஹித் இருமினார். கை நெஞ்சுக்குப் போயிற்று.

அப்ரோர் இரண்டு கையாலும் வாங்கினான். ஒரே மடக்கு. கிண்ணத்தை மறுபடி நீட்டினான்.

"இன்னொண்ணு, மாமா."

ஊற்றினார். குடித்தான். நீட்டினான்.

"இன்னொண்ணு."

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஜுலைஹோ முக்காட்டு நுனியை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள். கொச்கார்பாய்க்கு முழங்கை வலிக்கத் தொடங்கியது. கெண்டியில் இன்னும் முக்கால் பாகம் இருந்தது.

"மெதுவாக் குடி மாப்ளே," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "எங்கேயும் ஓடிடாது."

"நானும் எங்கேயும் ஓடிட மாட்டேன், மாமா," என்றான் அப்ரோர், கிண்ணத்தை நீட்டியபடி.